பல்கலைக்கழகத்தின் பக்கத்திலே ஒரு பேட்டை
திருவல்லிக்கேணியின் தெருக்களும் கடைகளும் நமக்குச் சொல்லும் பாடம்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் நாட்களில் திண்டிவனம் பேருந்து நிலையத்திலும் விழுப்புரம் சந்திப்பிலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் குவளை, சோப்பு டப்பா, அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய். பையன் முன்னே நடக்க, அப்பா பின்னே வருவார். நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் பட்டணம் போனார்கள். அவர்களில் பலர் இறங்கிய இடம் சென்னை திருவல்லிக்கேணி. கடற்கரையில் கல்லூரி, கூப்பிடு தூரத்தில் தங்கும் அறை, தெருமுனையில் மெஸ், பக்கத்திலேயே ஒரு மளிகைக் கடை. மூன்று நான்கு ஆண்டுகள் அதுவே அவர்களுடைய உலகம்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கின்றன. முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரசு கலைக் கல்லூரிகள் இரண்டு ஊர்களிலும் முன்பே உண்டு. வெளியூர்ப் பிள்ளைகள் வாளியோடு நம் ஊரில் வந்து இறங்குகிறார்கள். கல்லூரிச் சாலையிலே புதிதாகக் கடை போட்ட நண்பர்கள் சிலர், "வியாபாரம் சில மாதம் ஓகோ என்று இருக்கிறது, சில மாதம் ஈ ஓட்டுகிறோம். இதற்கு என்னதான் கணக்கு?" என்று நம்மிடம் கேட்டார்கள்.

அந்தக் கணக்கை நூறாண்டுக்கு மேல் போட்டுப் பார்த்த பேட்டை திருவல்லிக்கேணி. ஆகவே அதன் கதையை இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஊர் முந்தியது, பல்கலைக்கழகம் பிந்தியது

திருவல்லிக்கேணி பல்கலைக்கழகத்தால் உண்டான ஊர் அல்ல. அல்லி பூத்த கேணியால் பெயர் பெற்ற ஊர். பார்த்தசாரதி பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் குடியிருந்து வரும் ஊர் என்று தயங்காமல் சொல்லலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1676-இல் இந்தக் கிராமத்தைக் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். 1768-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். 1795-இல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. அரண்மனையைச் சார்ந்த இஸ்லாமியக் குடும்பங்கள் சுற்றிலும் குடியேறின. கோயிலைச் சுற்றி மாட வீதிகள், பள்ளிவாசலைச் சுற்றி உருது பேசும் தெருக்கள், கடலோரத்தில் மீனவர் குப்பங்கள் என்று பேட்டையின் உருவம் அமைந்துவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள்தான் உண்டாயிற்று. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதே ஆண்டில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. மாநிலக் கல்லூரி 1840-இல் எழும்பூரில் தொடங்கி, 1870-இல் கடற்கரையில் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது. அதை வடிவமைத்த சிஷோம் என்ற பொறியாளரே பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையையும் 1870-களில் கட்டி முடித்தார். இந்தக் கட்டடங்கள் வந்த பிறகு, மாட வீதியில் திண்ணை வைத்த வீடுகளுக்கு ஒரு புதிய வருமானம் பிறந்தது. அதுதான் வாடகை. மாடியறை, பின்கட்டு, மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறை என்று எதெல்லாம் சும்மா கிடந்ததோ, அங்கெல்லாம் மாணவர்களும் குமாஸ்தாக்களும் குடி வந்தார்கள்.

மளிகைக்காரர் கண்ணோடு பார்த்தால், இது மூன்று பஞ்சாங்கம் நடக்கும் பேட்டை. கோயிலுக்கு ஒரு பஞ்சாங்கம்: மார்கழியும் வைகுண்ட ஏகாதசியும் சித்திரைத் திருவிழாவும் வந்தால் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி. பள்ளிவாசலுக்கு ஒரு பஞ்சாங்கம்: ரம்ஜான் மாதம் வந்தால் பேரீச்சை, சேமியா, ஜவ்வரிசி, நல்ல அரிசி. கல்லூரிக்கு மூன்றாவது பஞ்சாங்கம்: திறப்பு, பரீட்சை, விடுமுறை. மூன்றையும் சுவரில் மாட்டி வைத்து, எந்த மூட்டை எப்போது இறங்க வேண்டும் என்று பார்த்தவர்தான் அங்கே கடை நடத்த முடிந்தது. ஒன்றை மட்டும் நம்பியவர் ஆண்டில் நாலு மாதம் கையைப் பிசைந்தார்.

மக்களும் அப்படியே கலந்து பழகினார்கள். மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் என்ற அறக்கட்டளையை நிறுவியவர் சிந்துப் பகுதியிலிருந்து வந்த ஒரு இந்து அன்பர். அந்த அறக்கட்டளையின் தொண்டர்கள் பல ஆண்டுகளாக ரம்ஜான் மாதத்தில் வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் உணவைப் பரிமாறி வருகிறார்கள். பெரிய பேச்சு ஏதுமில்லாமல் அந்த வேலை ஆண்டுதோறும் நடக்கிறது.

வாடகைக்கு வந்த பெரியவர்கள்

இந்தப் பேட்டையில் குடியிருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் கையில் காசில்லாதவர்கள் என்பது அதைவிட வியப்பு.

1878-இல் திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் சேர்ந்து 'தி இந்து' பத்திரிகையை வார ஏடாகத் தொடங்கினார்கள். ஜி. சுப்பிரமணிய அய்யரும் வீரராகவாச்சாரியாரும் அவர்களில் முக்கியமானவர்கள். ஆறு பேரில் நால்வர் சட்டம் படிக்கும் மாணவர்கள். முதல் இதழில் அச்சிட்டது 80 பிரதிகள். அதற்கான பணம் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா, அதுவும் கடன்! முதலில்லாமல் தொழில் தொடங்க முடியாது என்று சொல்லும் நம் இளைஞர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

கணிதமேதை ராமானுஜன் 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அப்போது அவர் திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் குடும்பத்தோடு வாழ்ந்தார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு மறுபடி போடுவாராம். 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

மகாகவி பாரதியார் தம் கடைசிக் காலத்தில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வாடகை வீட்டில் இருந்தார். 1921 செப்டம்பரில் அந்த வீட்டிலேயே காலமானார். அந்த வீட்டைப் பிற்காலத்தில் அரசு வாங்கி நினைவில்லம் ஆக்கியது. நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மாநிலக் கல்லூரிக்குப் போனவர்.

சம்பளம் சிறியது, உதவித்தொகை சிறியது. ஆனால் நடக்கும் தூரத்தில் கல்லூரி, நூலகம், அச்சகம், கோயில், கடற்கரைக் கூட்டம் எல்லாம் இருந்தன. வண்டிச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில்தான் படிப்பு நடந்தது. ஒரு பேட்டை படிப்பாளிக்குச் செய்யும் உதவி முதலில் இதுதான்: குறைந்த காசில் வாழ இடம் கொடுப்பது. அந்தக் குறைந்த காசு கடைசியில் வந்து விழும் இடம் நம் கல்லாப் பெட்டி என்பதை நாம் மறக்கக் கூடாது.

நமக்கு உறைக்கும் ஓர் அத்தியாயம்

திருவல்லிக்கேணி வரலாற்றில் மளிகை வணிகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆண்டு 1904. அந்த ஆண்டில்தான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. டி.யு.சி.எஸ். என்று இன்றும் சென்னை மக்கள் சொல்லும் சங்கம் அது. நாட்டிலேயே முன்னோடியான நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை. தொடங்கியவர்கள் 14 பேர். அவர்களில் முதன்மையானவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். அப்போது அவர் அங்குள்ள இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர்.

வாத்தியார்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் எதற்காக மளிகைக் கடை வைக்கக் கிளம்பினார்கள்? அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊர். 1844-இல் அங்கே 28 பேர், பெரும்பாலும் நெசவாளர்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி இவ்வளவுதான் சரக்கு. அவர்கள் விதித்துக்கொண்ட நெறிகள்: சரக்கில் கலப்படம் கூடாது, எடையில் குறை கூடாது, ரொக்கத்துக்கே விற்பது, வாங்கியவருக்கே வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு.

இந்த நெறிகளைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கலப்படம் இருந்தது, எடை குறைந்தது, கடனில் மாட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போக முடியாமல் மக்கள் தவித்தார்கள் என்று ஆகிறது. மாதச் சம்பளக்காரர் நிறைந்த பேட்டையில் மக்கள் தாங்களே ஒரு கடை திறக்கிறார்கள் என்றால், இருக்கிற கடைகள்மேல் அவர்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்றுதான் பொருள். படியும் ஆழாக்கும், வீசையும் பலமும் புழங்கிய காலம் அது. படியின் அடியைத் தட்டி உள்ளே தள்ளியவரும், தராசுத் தட்டில் புளி ஒட்டியவரும் நம் முன்னோர்களில் இல்லவே இல்லை என்று நாம் சத்தியம் செய்ய முடியாது. நல்லவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் சிலர் செய்த காரியத்துக்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டி வந்தது.

அந்தச் சங்கம் வளர்ந்தது. சென்னையின் பல பகுதிகளில் கிளைகள் திறந்தது. பிற்காலத்தில் நியாயவிலைக் கடைகளையும் காமதேனு சிறப்பங்காடியையும் நடத்தியது. அப்படியானால் திருவல்லிக்கேணியின் தனியார் மளிகைக் கடைகள் மூடிப்போயினவா? இல்லை. தெருவுக்குத் தெரு இருந்தன, இன்றும் இருக்கின்றன. காரணம் எளிது. பண்டகசாலைக்கு நேரம் உண்டு, விதி உண்டு, விடுமுறை உண்டு. இரவு ஒன்பதரை மணிக்கு மெழுகுவத்தி வேண்டும் என்றால் அங்கே கிடைக்காது. கால் ரூபாய்க்குக் கடுகு வாங்கும் கிழவிக்குப் பொட்டலம் மடித்துக் கொடுக்கப் பண்டகசாலையால் முடியாது. மாதக் கடைசியில் "ஒண்ணாந்தேதி தருகிறேன்" என்று சொல்ல அங்கே முகம் இல்லை.

ஆனால் ஒன்று நடந்தது. எதிரிலே எடை சரியாகப் போடும் கடை ஒன்று வந்துவிட்டால், நாமும் எடை சரியாகப் போட்டே ஆகவேண்டும். போட்டி வந்ததால் நம் கடைகள் ஒழுங்குபட்டன என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழிவில்லை.

மேன்ஷன் வாழ்க்கை

வீடுகளில் அறை போதாமல் போன பிறகு மேன்ஷன்கள் வந்தன. கல்யாணமாகாத ஆண்கள் தங்கும் விடுதிக்குச் சென்னையில் வழங்கும் பெயர் இது. நீண்ட நடை, இரண்டு பக்கமும் சிறு சிறு அறைகள், அறைக்கு இரண்டு மூன்று கட்டில், மூலையில் பொதுக் குளியலறை. அறையில் சமைக்கக் கூடாது என்பது பெரும்பாலும் விதி. சாப்பாடு வெளியே மெஸ்ஸில். காலை இட்லிக்கு ஓட்டல். 1948-இல் தொடங்கிய ரத்னா கபேயின் சாம்பார் இட்லியைச் சாப்பிடாமல் படிப்பை முடித்த மாணவர் திருவல்லிக்கேணியில் அபூர்வம். புத்தகம் வேண்டுமென்றால் பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதை. இப்போது அதன் பெயர் பாரதி சாலை. பழைய புத்தகத்தை அங்கே பாதி விலைக்கு வாங்கி, பரீட்சை முடிந்ததும் அங்கேயே கால் விலைக்கு விற்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினவர்கள் உண்டு.

சமைக்காத மனிதருக்கு மளிகைக் கடையில் என்ன வேலை? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அவருக்குத் துவரம்பருப்பு வேண்டாம். சோப்பு வேண்டும், பல்பொடி வேண்டும், பூட்டு, பிளேடு, கொசுவத்தி, தேங்காயெண்ணெய், பிஸ்கட், வாழைப்பழம், உறை, பேனா ரீபிள் வேண்டும். எல்லாமே சிறிய அளவில் வேண்டும். இந்த இடத்தில் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் கடலூரில் தொடங்கிய நிறுவனம்தான் சிக் ஷாம்புவை நாடெங்கும் கொண்டுபோனது. பாட்டில் வாங்க முடியாதவருக்குப் பாக்கெட் என்ற அந்த யோசனை மேன்ஷன் அறைக்கென்றே பிறந்தது போல் பொருந்தியது. கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது.

துவரம்பருப்பும் விற்றது, வேறு வழியாக. அறையில் சமைக்காதவர் சாப்பிடுகிற மெஸ், மூட்டையாக வாங்கியது. ஆகவே கல்லூரிப் பேட்டையின் மளிகைக்காரருக்கு ஒரே கடையில் இரண்டு வியாபாரம். முன்பக்கம் சில்லறை ரொக்கம். லாபம் சிறிது, ஆனால் அன்றாடம் கைக்கு வரும். பின்பக்கம் மெஸ்களுக்கு மூட்டைக் கடன். தொகை பெரிது, ஆனால் முப்பது நாள் கழித்து வரும். மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போனதும் மெஸ் படுத்துவிடும். ஏப்ரல் கடைசியில் கொடுத்த சரக்குக்கு ஜூலையில்தான் பணம் வரும். மெஸ்காரர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டால் அதுவும் வராது. முன்பக்கத்துச் சில்லறையால் பின்பக்கத்துக் கடனைத் தாங்கத் தெரிந்தவர் நிலைத்தார்.

காந்தி கணக்கு

நம் ஆசிரியர் குழுவில் ஒருவர் 1980-களில் அங்கே தங்கிப் படித்தவர். திண்டிவனத்தில் அவர் தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

"நான் தங்கியிருந்த தெருமுனையில் தெற்கத்திக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை தொங்கும். அதற்கு நேர் கீழே கடன் நோட்டு இருக்கும். முதல் தடவை நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, 'தம்பி, எந்த ஊரு?' என்றார். 'திண்டிவனம், அண்ணாச்சி.' 'அப்பா என்ன செய்யுதாரு?' 'மளிகைக் கடை.' சிரித்துவிட்டார். 'அப்ப உனக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. ஊரு விலாசத்தை எழுது' என்று நோட்டைத் தள்ளினார்.

"மணியார்டர் வரத் தாமதமானால் அவர்தான் துணை. படிப்பு முடிந்து அவசரமாக ஊர் திரும்பியபோது 38 ரூபாய் பாக்கி வைத்துவிட்டேன். அப்பா கடையில் உட்கார்ந்த பிறகுதான் அது உறுத்தியது. ஐந்து வருடம் கழித்துச் சரக்கெடுக்கச் சென்னை போனபோது தேடிப் போய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. 'அது அந்த வருசமே காந்தி கணக்குல போயிட்டு தம்பி. வருசா வருசம் பிள்ளைங்க கணக்குல இவ்வளவு போகும்னு மொதல்லயே ஒதுக்கி வச்சிருவேன். ஒரு ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல எழுத மாட்டேன். அதுக்கு மேல எழுதி ஏமாந்தா தப்பு எம் மேல, பிள்ளை மேல இல்ல. இன்னிக்கு நீ வந்த பாரு, அதுதான் வரவு' என்றார். அந்த ஐம்பது ரூபாய் வரம்பை அன்றிலிருந்து எங்கள் கடையிலும் வைத்தோம். காலத்துக்கேற்ப தொகையை மட்டும் கூட்டிக்கொண்டோம்."

அண்ணாச்சி செய்தது தர்மமும்தான், வியாபாரமும்தான். ஊர் விலாசம், ஆளுக்கு ஒரு வரம்பு, ஆண்டுக்கு ஓர் ஒதுக்கீடு. கடன் கொடுப்பதற்கு இதைவிடச் சுருக்கமான முறை நமக்குத் தெரிந்து இல்லை.

ஐஸ் ஹவுஸ் சொல்லும் கதை

கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், தம் நாட்டுக் குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய கிடங்கு இது. பல்லாயிரம் மைல் தாண்டி வந்த பனிக்கட்டி இங்கே நன்றாக விற்றது. பிறகு இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் முறை இந்தியாவுக்கே வந்தது. அந்த வியாபாரம் உருகிப் போயிற்று. கட்டடம் கை மாறியது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கான இல்லத்தை அங்கே நடத்தினார்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், திருவல்லிக்கேணியில் இப்போது மறுபடி ஒரு மாற்றம் நடக்கிறது. திண்ணை வீடுகள் பல இடிந்து அடுக்குமாடிகள் ஆகிவிட்டன. மேன்ஷன்களில் கல்லூரி மாணவர்களைவிட அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் கூடுதலாகத் தென்படுகிறார்கள். மணியார்டர் போய்விட்டது, கைப்பேசியில் பணம் வருகிறது. பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கும் கடை வாசலில் ஒட்டிய கட்டத்தைப் படம் பிடித்துப் பணம் செலுத்துகிறார்கள். கேட்ட பொருளைச் சில நிமிடங்களில் அறைக்கே கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனங்கள் வந்துவிட்டன. 1904-இல் பண்டகசாலை வந்தபோது நம் முன்னோர் மனத்தில் எழுந்த அதே கேள்வி இன்று நம் மனத்திலும் எழுகிறது.

அன்று கடைகளைக் காத்தவை இரவு நேரமும் சிறு பொட்டலமும் கடன் நோட்டும். இன்று இரவு நேரத்தையும் சிறு பொட்டலத்தையும் கைப்பேசிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம்மிடம் மிச்சமிருப்பது ஆளைத் தெரிந்து வைத்திருப்பது. காய்ச்சலில் படுத்த பையனுக்கு அரிசி நொய்யும் கஞ்சிப் பாத்திரமும் கொடுத்து, அவன் வீட்டுக்கும் சேதி சொல்லும் வேலையை எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளவில்லை. அது மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. எடையும் விலையும் சரியாக இருந்தால்தான் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

நம் ஊர்களுக்கு

விழுப்புரமும் திண்டிவனமும் திருவல்லிக்கேணி ஆகிவிடா. நம் ஊர்கள் இரண்டும் வழி கூடும் ஊர்கள். ஆகவே பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். தங்குகிறவர்கள் விடுதியிலும் வாடகை வீடுகளிலும் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துச் சில செய்திகளைச் சொல்கிறோம்.

கல்லூரிச் சாலையில் கடை வைத்திருப்பவர்கள் கல்லூரியின் நாட்காட்டியைக் கேட்டு வாங்கிக் கடையில் மாட்டுங்கள். விடுமுறைக்கு மூன்று வாரம் முன்பே சரக்கைக் குறையுங்கள். கெடும் பொருளைத் தேக்காதீர்கள். அதே சமயம் தெருவில் நிலையாகக் குடியிருக்கும் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். மே மாதத்தில் கடையைக் காப்பவர்கள் அவர்கள்தாம்.

மெஸ்ஸுக்கும் விடுதிக்கும் மூட்டைச் சரக்கு கொடுப்பவர்கள் வாய்க்கணக்கை விட்டுவிடுங்கள். பில் போட்டு, கையெழுத்து வாங்கி, ஏப்ரல் கடைசிக்குள் கணக்கை நேர் செய்யுங்கள். நம் மண்ணிலே விளையும் உளுந்தும் மல்லாட்டையும் எவருக்கும் குறைந்தவை அல்ல. திண்டிவனத்தின் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்று பெயரிட்ட நிலக்கடலை ரகங்கள் நாடெங்கும் பயிராகின்றன. வறுத்த கடலையும் கடலை மிட்டாயும் மாணவர்களுக்கு விற்கும் நல்ல பண்டம். சிறு பொட்டலமாகத் தேதி போட்டு, முறையான உரிமத்தோடு விற்கலாம்.

கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எங்குமே விற்கக் கூடாது. இதில் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு கடைக்காக ஊரிலுள்ள அத்தனை கடைகளும் பழி சுமக்க நேரும். திருவல்லிக்கேணியில் எடை குறைத்த சிலரால் எல்லோருக்கும் கெட்ட பெயர் வந்ததை மேலே எழுதினோம்.

வெளியூர்ப் பிள்ளை என்பதால் ஒரு ரூபாய் கூட்டி வாங்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பையன் அன்று ஒன்றும் பேசமாட்டான். மறுநாள் அவனும் வரமாட்டான், அவன் அறையில் உள்ள மற்ற மூவரும் வரமாட்டார்கள்.

நம் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் கல்லூரிச் சாலைக் கடைக்காரர்களின் கடன் வரம்பு, மெஸ் கணக்கு ஆகியவை பற்றிப் பேச எண்ணியிருக்கிறோம். திருவல்லிக்கேணியில் தங்கிப் படித்த உறுப்பினர்கள் நம்மிடையே பலர் உண்டு. அங்கே பார்த்த நல்ல கடைகளைப் பற்றியும், பாக்கி வைத்துவிட்டு வந்திருந்தால் அதைப் பற்றியும், கூட்டத்துக்கு வந்து சொல்ல வேண்டுகிறோம்.